இடது காலைக் கழற்றுவது

கிளிப் இல்லாத பெடல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் வேலையோ காலில் போட்டிருக்கிற சப்பாத்தைக் கவ்விப் பிடிப்பதுதான். சப்பாத்தின் அடியில், பெருவிரல் மேட்டுக்கு நேர்கீழே ஒரு சின்ன உலோகத் துண்டைத் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். அதைக் கிளீட் என்கிறார்கள். அதைப் பெடல்மேல் வைத்து மிதித்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பிறகு காலை மேலே தூக்கினாலும் வராது, பின்னால் இழுத்தாலும் வராது. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் மட்டும் விடும். அதையும் சைக்கிள் நிற்பதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், நின்ற இடத்திலேயே சைக்கிளோடு சேர்ந்து சாய வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதில் இந்த வம்பை நான் ஏன் விலைக்கு வாங்கினேன் என்று பலர் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் என் இடது கால்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் உடையவில்லை. ஆனால் முழங்காலின் வெளிப்புறமாக ஓடுகிற நரம்பு நடைபாதைக் கல்லில் மோதி நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து இடது பாதம் தொங்கிப்போனது. உணர்ச்சியும் பாதிக்கு மேல் போய்விட்டது. என் மனைவி தமிழ்ப் பாடசாலை ஒன்றில் கணக்கு டீச்சர். பின்னேரங்களில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்ததும் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். பெரியாஸ்பத்திரியில் காட்டிக்கொடுத்த பயிற்சிகளை ஒன்று விடாமல் எண்ணி எண்ணிச் செய்யவைப்பாள். முப்பது என்றால் முப்பது. இருபத்தெட்டில் நான் நிறுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். இப்படி எட்டு மாதம். கடைசியில் நடந்தேன், நொண்டி நொண்டி.

கண்டி டவுனில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. லென்ஸை அளந்து, ஃபிரேமுக்கு ஏற்றபடி வெட்டிப் பொருத்துவேன். கண் தெரியவில்லை என்று வருகிறவர்களுக்கு என் கால் மட்டும் எப்படியோ நன்றாகத் தெரிந்துவிடும். "என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு எண்ணெய் சொல்வார்கள், வைத்தியர் சொல்வார்கள், கோயில் சொல்வார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு லென்ஸைத் துடைப்பேன்.

விபத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிற பழக்கம் எனக்கு இருந்தது. நான் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், ஏற்றத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. டாக்டரும் சைக்கிள் ஓட்டலாம், அந்தக் காலுக்கு நல்லது என்றார். ஓட்டிப் பார்த்தேன். சைக்கிளில் ஏறிவிட்டால் நான் நொண்டி இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெருவில் போகிறவர்களுக்கு நான் சைக்கிளில் போகிற ஒரு மனிதன், அவ்வளவுதான். ஏன் நொண்டுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் உணர்ச்சியில்லாத பாதம் பெடலில் தங்காது. எப்போது நழுவியது என்றே எனக்குத் தெரியாது. ஒருநாள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். மனைவி என் காலைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். பெடலின் பல் கீறிக் கீறிக் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் முழுக்க இரத்தம், காலுறை ஊறிப்போய் இருந்தது. எனக்கு எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. அவளுக்குத்தான் வலித்தது என்று நினைக்கிறேன்.

கிளீட் யோசனை என் கூட்டாளியுடையது. அவர் ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரர், முஸ்லிம். ஞாயிறுகளில் என்னோடு சைக்கிள் ஓட்ட வருகிற ஒரே ஆள். "கால் நழுவுதுண்டா காலப் பூட்டிப் போடுங்க மச்சான். எனக்கிட்ட பழைய செட் ஒண்டு ஈக்கி" என்று பெடலையும் சப்பாத்தையும் கொண்டுவந்து தந்தார். என் மனைவி அவற்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கால் நழுவாது, சரி. விழுந்தா?"

"விழமாட்டேன்."

"ஒரு தடவை விழுந்தீங்கன்னாலும் இந்தச் சைக்கிள் வீட்ட விட்டுப் போயிடும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஆசையில் இருக்கிறவன் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டான்?

கிளீட்டைச் சரியான இடத்தில் பொருத்துவதே ஒரு பாடு. வலது காலுக்குச் சிக்கலில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பெருவிரல் மேடு எங்கே இருக்கிறது என்று உணர்ந்து குறித்துவிடலாம். இடது காலில் உணர்ந்து பார்க்க என்ன இருக்கிறது? கடையில், கண்மணிக்கு நேராக லென்ஸின் மையத்தை ஒரு மெல்லிய மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக் குறிப்போம். அந்தப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாதத்தை அளந்து, சப்பாத்தை அளந்து, புள்ளி வைத்து, எலன் கீயால் இறுக்கினேன். சீமெந்துத் தரையில் டக் டக்கென்று நடந்து காட்டினேன். மனைவி சிரிக்கவில்லை.

கூட்டாளி சொல்லித்தந்த முதல் பாடம் இது. நம் நாட்டில் வாகனம் ஓடுவது தெருவின் இடது பக்கத்தில். ஆகவே நிற்கும்போது இடது காலைக் கழற்றி ஓரத்தில் ஊன்ற வேண்டும். வலது காலை ஊன்றினால் பஸ்ஸுக்கு நேரே காலை நீட்டியது மாதிரிதான். நல்ல பாடம். ஆனால் என் இடது குதிகால் நான் சொன்னால் திரும்பாது. பெடலின் பிடியை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்திப் பார்த்தோம். அப்படியும் திரும்பவில்லை. "அப்ப வலதக் கழத்துங்க. இடது அப்பிடியே பூட்டிக் கிடக்கட்டும். வீட்டுக்கு வந்து சொவத்தப் புடிச்சிக்கிட்டுக் கழத்திக்கலாம்" என்றார். பிறகு, ஆறுதலாக, "இதுல எல்லாரும் மூணு தரம் விழுவாங்க. மூணு முடிஞ்சா முடிஞ்சி" என்றும் சொன்னார்.

முதல் தரம் அவர் கடையின் பின்முற்றத்திலேயே விழுந்தேன், சீமெந்து மூட்டைகளின் மேல். முழங்கை உரிந்தது. வீட்டுக்கு முழுக்கைச் சட்டையோடு போனேன்.

இரண்டாம் தரம் டவுன் சந்தியில். சிவப்பு விளக்கு. வலது காலை அழகாகக் கழற்றினேன், கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மழைத்தண்ணீர் ஓரத்துக் கானுக்குள் ஓட வேண்டும் என்பதற்காகத் தெருவை இடது பக்கம் சரித்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அதுவரை என் கவனத்துக்கு வரவே இல்லை. சைக்கிள் மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் சாயத் தொடங்கியது. வலது கால் அந்தரத்தில், இடது கால் பூட்டில். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகும் விழுந்து முடிக்க வெகுநேரம் எடுத்த மாதிரி இருந்தது. அன்றும் முழுக்கைச் சட்டை. "இந்த வெயில்ல எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். கடையில் ஏசி குளிர் என்றேன். எங்கள் கடையில் ஏசி வேலை செய்து பல மாதம் ஆகியிருந்தது.

பொய் சொல்வது கஷ்டமாக இருக்கவில்லை. அதுதான் இப்போது யோசிக்கும்போது வெட்கமாக இருக்கிறது. சைக்கிள் போய்விட்டால் மறுபடியும் நாள் முழுக்க நொண்டியாக இருக்க வேண்டும். அந்தப் பயத்தில் ஒரு பொய் என்ன, பத்துப் பொய்யும் வாயில் தானாக வந்திருக்கும்.

மூன்றாவது விழுதல், பௌத்தர்களின் வெசாக் நாளில்.

காலையில் கண்டிக் குளத்தைச் சுற்றிவிட்டு அம்பிட்டிய ஏற்றத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு தன்சல். வெசாக் நாளில் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிற பந்தல் அது. சில இடங்களில் சோறு, சில இடங்களில் ஐஸ்கிரீம், இங்கே பெலிமல் என்கிற வில்வப்பூப் பானம். கொடியைக் குறுக்கே நீட்டி எல்லா வாகனங்களையும் மறிப்பார்கள். பஸ்ஸே நிற்கும், சைக்கிள் எம்மாத்திரம். குடிக்காமல் போகிறேன் என்று சொல்வது மரியாதையும் இல்லை.

வேகத்தைக் குறைத்தேன். வலது காலைக் கழற்றினேன். இடுப்பை வலப்பக்கம் சாய்த்து, எடையை அந்தப் பக்கம் வைத்து, வலது காலை ஊன்றி நின்றுவிட்டேன். விழவில்லை! கானுக்கும் சரிவுக்கும் பெப்பே காட்டிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அப்போது வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா, பந்தலிலிருந்து இறங்கி வந்து, "பீலா யன்ன மாத்தயா" என்று, குடித்துவிட்டுப் போகச் சொல்லி, கோப்பையை இரண்டு கைகளாலும் நீட்டினார். பந்தல் தெருவின் இடது ஓரத்தில் இருந்தது. அவர் நின்றதும் என் இடப்பக்கம். இடது கையை நீட்டியிருந்தால் கோப்பை கைக்கெட்டும் தூரம். ஆனால் கொடுக்கிறதை இடது கையால் வாங்குகிறவர்கள் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. அதுவும் தானமாகக் கொடுப்பதை! என் வலது கை தானாகவே ஹேண்டிலை விட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே போய், இடப்பக்கம் நீண்டது. தோள் அதன் பின்னால் போனது. எடை தோளின் பின்னால் போனது. பூட்டிய இடது காலோடு நான் அந்த அம்மாவின் மேசைமேலேயே போய் விழுந்தேன்.

பெலிமல் முழுக்க என் தலையில். நல்லவேளை, ஆறியிருந்தது.

நாலைந்து பேர் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். என்னைத் தூக்கினால் சைக்கிளும் கூடவே வந்தது. சைக்கிளைப் பிடித்து இழுத்தால் நான் போனேன். கால் உள்ளே சிக்கிவிட்டது என்று நினைத்து ஒருவர் பெடலையே கழற்ற ஸ்பானர் தேடினார். நான் ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சப்பாத்தின் பட்டியை அவிழ்த்து, காலை மட்டும் உருவி எடுத்தேன். சப்பாத்து பெடலிலேயே இருந்தது. அப்போது பார்த்து, தெருவில் கிடந்த என் போன் அடித்தது. மனைவி. நான் எழுவதற்குள் அந்த அம்மா எடுத்து, மாத்தயா விழுந்துவிட்டார், இந்த இடத்தில்தான் இருக்கிறார் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார்.

கால்மணி நேரத்தில் அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், ஒற்றைச் சப்பாத்தோடு, தலையெல்லாம் பிசுபிசுத்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார். இரண்டு கைகளாலும் வாங்கி, முழுவதையும் குடித்து, நன்றி சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். சைக்கிளை ஆட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழி நெடுக அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் என் சட்டைக் கையை மடித்து மேலே ஏற்றினாள். அங்கே புதிய காயம் ஒன்று, காய்ந்த பொருக்கு ஒன்று, பொருக்கு விழுந்து வெளுத்த தழும்பு ஒன்று. கணக்கு டீச்சருக்கு இதைவிட இலேசான கணக்கு வேறு இல்லை.

"இது மூணாவது."

"ஆமா."

"அன்னைக்கு முழுக்கைச் சட்டை போட்டப்பவே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"சைக்கிள வித்துடு" என்றேன். கோபமாகச் சொன்னேன். யார்மேல் கோபம் என்று தெரியவில்லை.

அவள் டெட்டோலை எடுத்துப் பஞ்சில் ஊற்றினாள். பாதி கீழே கொட்டியது.

"எட்டு மாசம் இந்தக் காலை மடியில வச்சிருந்தேன். உங்களுக்கே உணர்ச்சியில்லாத எடம் எது, லேசா உணர்ச்சி வந்த எடம் எதுன்னு எனக்குத் தெரியும். இதுல பாதி என்னோட கால். அது விழுந்தா எனக்குச் சொல்லாம மறைக்க நீங்க யாரு?"

அவள் பயந்தது விழுவதற்கு என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். விழுவதற்கும்தான் பயந்தாள். ஆனால் அவளை அழவைத்தது நான் மறைத்ததுதான். அன்று அவள் அழுதாள். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அழாதவள். நானும் அழுதேன் என்பதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

சைக்கிள் ஒரு வாரம் சுவரில் சாய்ந்து நின்றது. கூட்டாளி போனில் கூப்பிட்டு, "மூணு முடிஞ்சிதானே, இனி என்ன" என்று சிரித்தார். அவருக்கு நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன். பெடலை நானே வந்து கழத்தி எடுத்துக்கவா என்று அப்புறம் பாவமாகக் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

அடுத்த ஞாயிறு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மனைவி சைக்கிளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். சுவரோரம் நிறுத்தினாள். ஒரு கதிரையைக் கொண்டுவந்து பெடலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏறுங்க. பூட்டுங்க. இப்ப இடதக் கழத்துங்க, பார்ப்போம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு முயன்றேன். பாதத்தைத் திருப்பு, திருப்பு என்று மூளை சொல்கிறது. பாதம் கேட்டால்தானே. அவள் குனிந்து என் கணுக்காலையும் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கையால் கணுக்காலைப் பிடித்தாள், மறு கையைத் தொடைமேல் வைத்தாள்.

"ஏன் கணுக்கால்கிட்டயே கேட்டுக்கிட்டிருக்கீங்க? அதுக்குத்தான் பலம் இல்லையே. தொடைக்கு ஒன்னும் ஆகலையே. முட்டிய உள்பக்கம் தள்ளுங்க, சைக்கிள் கம்பியில முட்டுற மாதிரி. குதிகால் தன்னால வெளிய போகும்."

முழங்காலை உள்ளே தள்ளினேன். இடுப்பிலிருந்து கால் முழுவதும் திரும்பியது. டக். பூட்டு விட்டது.

நான் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தேன். இணையத்தில் எத்தனை வீடியோ பார்த்திருப்பேன், கூட்டாளியிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன். அவர்கள் எல்லாரும் குதிகாலைப் பற்றித்தான் பேசினார்கள். என் காலைத் தெரிந்த ஒரே ஆளிடம் மட்டும் நான் கேட்கவில்லை.

"ஒன்னு" என்றாள் அவள். "இன்னும் தொண்ணூத்தொம்பது."

மூன்று ஞாயிறுகள் இப்படிப் போயின. சுவரைப் பிடித்து நூறு, பிறகு வீட்டுத் தோட்டப் பாதையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே நூறு. அவள் திடீரென்று "இப்ப!" என்பாள், நான் கழற்ற வேண்டும். தவறினால் ஒன்றிலிருந்து. பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நாலாவது ஞாயிறு, தெருவுக்குப் போகலாமா என்று கேட்டேன். அவள் சமையலறையிலிருந்தே, "போயிட்டு வாங்க" என்றாள். வாசல்வரைகூட வரவில்லை.

டவுனுக்கு இறங்கி, திரும்ப ஏற்றத்தில் வரும்போது எனக்கு முன்னால் ஒரு பஸ் ஹோல்ட்டில் பஸ் நின்றது. முந்திப் போக வழியில்லை. தெரு இடப்பக்கம் நன்றாகச் சரிந்திருந்தது, ஓரத்தில் திறந்த கான். வேகத்தைக் குறைத்தேன். முட்டி, முட்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழங்காலை உள்ளே தள்ளினேன். டக் என்ற சத்தம் கேட்டது. சைக்கிள் நின்றது. இடப்பக்கம் சாய்ந்தது. ஆனால் விழவில்லை.

கால் ஊன்றியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாதத்துக்குத் தரை தெரியாது. குனிந்து பார்த்தேன். சப்பாத்து கானின் ஓரத்துக் கல்லின்மேல் தட்டையாக, உறுதியாக இருந்தது. என் எடை முழுவதையும் அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. பஸ் போய்விட்டது. பின்னால் ஓர் ஆட்டோ ஹோர்ன் அடித்தது. நான் நகரவில்லை. போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தேன்.

ஒரே மணியில் எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. கால் ஊனி நிக்கிறேன்."

"எந்தக் கால்?"

"இடது."

கதிரையைத் தள்ளிவிட்டு எழுகிற சத்தம் கேட்டது.

"அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றாள். "போனை வைக்காதீங்க. நானும் நிக்கிறேன்."